பறக்கும் ரயிலில் ஒரு பொறி

சென்னைக் கடற்கரை நிலையத்தில் புறப்பட்டு வேளச்சேரிக்குச் செல்லும் மின்சார ரயில் பாதைக்கு அரசாங்கக் காகிதங்களில் நீண்ட பெயர் ஒன்று இருந்தாலும், பக்கிங்காம் கால்வாய் ஓரமாகத் தூண்களின் மேல் அது ஓடுவதைக் கண்ட ஜனங்கள் இட்ட ‘பறக்கும் ரயில்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1995-இல் சேப்பாக்கத்தோடு நின்ற பாதை, 1997-இல் மயிலாப்பூரை எட்டி, 2004-இல் திருவான்மியூரையும் 2007-இல் வேளச்சேரியையும் அடைந்தது. அதில் ஒரு நாள் முனைக்கு முனை பிரயாணம் செய்தபோது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கோப்பு ஒன்றை அச்செடுத்து மடியில் வைத்திருந்தேன். ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலியில் ‘ட்ராப்’ நேர்ந்த க்ஷணத்தில் முதலில் ஓடும் வரிகள் அவை.

ட்ராப் என்பதைப் பொறி என்று சொல்வதில் எனக்கு ஓர் அலாதியான திருப்தி உண்டு. எலியைப் பிடிப்பதும் பொறி, யந்திரமும் பொறி, கண்ணும் காதும் பொறிகள். செயலியின் விஷயத்தில் மூன்று அர்த்தமும் பொருந்தும்.

கோட்டை, பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை எல்லாம் ஜன்னலில் வேகமாகக் கடந்தன. சேப்பாக்கத்துக்கு அப்பால் பக்கங்களைப் பிரித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பொறியில் விழுந்து கெர்னலிடம் வந்து சேரும் வழிகள் மூன்று. ஒரு கோப்பைப் படித்துத் தரும்படி ‘ஈகால்’ என்னும் கட்டளையால் அதுவே கேட்கலாம்; செய்யத் தகாததைச் செய்து அகப்பட்டுக்கொள்ளலாம்; அல்லது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கையில் கடிகாரமோ வட்டோ வலைப்பின்னலோ வெளியிலிருந்து குறுக்கிடலாம். முதல் இரண்டும் நிரலின் சொந்தக் கட்டளையிலிருந்து பிறப்பவை. மூன்றாவதற்கு நிரல் எவ்வகையிலும் பொறுப்பல்ல.

திருமயிலையில், குகை போன்ற அந்தப் பிரம்மாண்டமான நிலையத்தின் இருட்டுக்குள் வண்டி நுழைந்தபோது, பூக்கூடையோடு எதிரில் அமர்ந்திருந்த அம்மாள், “மந்தவெளி வந்துடுச்சா சார்?” என்று கேட்டார். படித்துக்கொண்டிருந்த வரியில் பயணச்சீட்டை வைத்துவிட்டு, “இல்லம்மா, இது திருமயிலை. அடுத்ததுதான்” என்றேன். மீண்டும் காகிதத்தைப் பார்த்தால் வரி இருந்தது, யோசனையைக் காணோம்.

செயலியின் சாமர்த்தியம் இங்கேதான். ரெஜிஸ்டர் என்பது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு பதிவறை; நின்ற இடத்தின் முகவரியை ‘எஸ்ஈபிசி’ என்ற ரெஜிஸ்டரிலும், காரணத்தை ‘எஸ்காஸ்’ என்ற ரெஜிஸ்டரிலும் எழுதிவிட்டு, வேறு குறுக்கீடு அவற்றை அழித்துவிடாதபடி கதவைத் தாளிட்டு, கெர்னலின் வாசலுக்குத் தாவுகிறது. காரண ரெஜிஸ்டரின் தலைப் பிட் 1 ஆனால் குறுக்கீடு, 0 ஆனால் நிரலின் சொந்தக் கட்டளையால் நேர்ந்த பொறி. மிச்சமுள்ள எண் 8 எனில் நிரலின் ஈகால், 13 எனில் படிக்கப் போன நினைவகப் பக்கம் கிட்டவில்லை. வன்பொருளின் வேலை ஏறக்குறைய இவ்வளவே.

நிரல் கையாண்டுகொண்டிருந்த 31 ரெஜிஸ்டர்களையும் பத்திரப்படுத்துவது கெர்னலின் கடமை. அதில் ஒரு தர்மசங்கடம் உண்டு: எங்கே வைப்பது என்ற முகவரியை ஏந்தவே ஒரு ரெஜிஸ்டர் வேண்டும், இருப்பவை யாவும் பிறர் சொத்து. ஆகவே கோப்பின் முதல் கட்டளையே, ‘எஸ்ஸ்க்ராட்ச்’ என்ற தனி ரெஜிஸ்டரில் கெர்னல் முன்கூட்டி வைத்திருந்த முகவரியையும் நிரலின் ரெஜிஸ்டர் ஒன்றையும் ஒரே அடியில் இடம் மாற்றுகிறது. கெர்னல் ஓடும்போது அங்கே பூஜ்யம் இருக்கும். மாற்றியதும் கைக்குப் பூஜ்யம் வந்தால், குறுக்கிடப்பட்டவர் வேறு யாருமல்ல, கெர்னலேதான் என்று தெரிந்துவிடுகிறது. இத்தனை சிக்கனமான நாலு வரியை நான் அதிகம் படித்ததில்லை.

பசுமைவழிச் சாலை கடந்து அடையாற்றின் மேல் வண்டி ஏறியது. கோட்டூர்புரத்துக்கு அப்பால் மரங்களாகத் தெரிவது ஐ.ஐ.டி. 1973-இல் அங்கே வந்த ஐ.பி.எம். 370/155 கணினி குறுக்கீடுகளை ஆறு வகுப்பாகப் பிரித்து, நின்ற நிலையை நினைவகத்தின் குறித்த இடத்தில் எழுதிவிட்டுப் புதிய நிலையை எடுத்துக்கொள்ளும். அதன் 16 பொது ரெஜிஸ்டர்களைக் காப்பதோ மென்பொருளின் பாடு. அதே வளாகத்தில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் ரிஸ்க்-ஃபைவ் முறையில் வடிவமைத்த ‘சக்தி’ செயலி, 2018-இல் சில்லாக உருவெடுத்து லினக்ஸை இயக்கியது. இடையே 45 வருஷம் கழிந்தும் வன்பொருளுக்கும் கெர்னலுக்கும் உள்ள வேலைப் பங்கீடு பெரிதும் மாறவில்லை. மாறாததற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை; எதைக் காக்க வேண்டும் என்பது நிரலுக்கு நிரல் வேறுபடுவதால், அந்தத் தீர்மானத்தை யந்திரத்திடம் விடாததே விவேகம்.

கஸ்தூரிபா நகரில் நான் சற்று நேரம் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. பக்கம் கிட்டாமல் வந்த நிரலுக்கு அதைக் கொணர்ந்து தந்தபின், தவறிய அதே கட்டளையை மறுபடி செய்யச் சொல்லி அனுப்புகிறது கெர்னல். ஈகாலுக்கு அப்படிச் செய்தால் விபரீதம்: நிரல் திரும்பிப் போய் அதே ஈகாலைக் கூப்பிட்டு, யுகாந்தம் வரை வாசலிலேயே நிற்கும். அதனால் முகவரியோடு 4 கூட்டப்படுகிறது, அக்கட்டளையின் நீளம் 4 பைட் ஆதலால்.

திருவான்மியூரில் டைடல் பூங்காவின் ஊழியர்கள் இறங்க, தரமணிக்குள் வண்டி பாதி காலியாயிற்று. வலைப்பின்னல் அட்டையின் குறுக்கீட்டில் அவசரமானதை மட்டும் உடனே முடித்து, நீண்ட வேலையைக் கதவு திறந்தபின் செய்ய ஒதுக்குவதைப் பற்றிப் பெருங்குடியில் யோசித்தேன். கடைசிப் பக்கத்தில் ரெஜிஸ்டர்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப நிரப்பப்பட்டு, ‘எஸ்ரெட்’ என்ற ஒற்றைக் கட்டளையில் நிரல் விட்ட இடத்துக்கு மீள்கிறது. நடுவில் நின்றோம் என்ற பிரக்ஞையே அதற்கு இல்லை.

வேளச்சேரியில் இறங்கினேன். அந்தக் கோப்பு சில நூறு வரிகள்தான், ‘என்ட்ரி.எஸ்’ என்ற பெயரில், காசின்றி, யாருக்கும் கிடைக்கிறது. கடற்கரையில் ஏறும் மாணவர் எவரும் ஒரு தடவை முயன்று பார்க்கலாம். பூக்காரம்மாவுக்குப் பதில் சொல்லியும் நேரம் மிஞ்சும்.