ஒரகடத்தில் 'இலையுதிர் காலம்': ஓக் எதற்கு, பாதாம் மரம் இருக்கே!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் கொரிய எழுத்துப் பெயர்ப்பலகைகள் இப்போது சகஜம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான் ஆலை வந்தது. கூடவே கொரிய, ஜப்பானியக் குடும்பங்களும் வந்தன.

அவர்கள் ஊரில் அக்டோபர், நவம்பர் வந்தால் மலையே நிறம் மாறும். மேப்பிளும் ஓக்கும் சேர்ந்து போடும் வண்ணக் கோலம் அது. செல்போனில் அந்தப் படங்களைப் பார்க்கும் நமக்கும் ஆசை வரும்: 'வாசலில் ஒரு ஓக் வைத்தால் என்ன?'

வைக்கலாம், சிவக்காது.

ஏன் சிவக்காது?

சியோலில் கோடைக்காலப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் சுமார் 5 மணி நேர வித்தியாசம். சென்னை வட்டாரத்தில் அது ஒன்றரை மணி நேரம்தான். பகல் சுருங்கி, குளிரும் கூடினால்தான் ஓக் இலையில் பச்சையம் சிதையும். உள்ளே இருக்கும் மஞ்சள் தெரியும். ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி உருவாகும். மார்கழியில்கூட ஒரகடத்தில் அந்தக் குளிர் கிடையாது.

நம்ம ஊர் சிவப்பு

ஆனால், சிறுவர்கள் கல்லால் கொட்டையை உடைத்துத் தின்னும் பாதாம் மரம் (நாட்டு வாதுமை) இங்கேயே சிவக்கும். இதற்குக் கடுங்குளிர் தேவையில்லை. மழைக்காலம் முடிந்து வறட்சி தொடங்கும் தை, மாசியில் அகல அகலமான இலைகள் மஞ்சளாகி, செம்பாகி, ரத்தச் சிவப்பாகி உதிரும். சில வாரங்களிலேயே புதுத் தளிர் வந்துவிடும்.

இந்தக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. வெயில் இதமாக இருக்கும் மாதத்தில் மரம் மொட்டையாக நிற்கிறது. கத்திரி வெயிலில் குடைபோல அடுக்கடுக்காக விரிந்து நிற்கிறது. ஷிஃப்டுக்காக ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

எப்படி வைப்பது?

முற்றிய கொட்டையை ஊன்றினாலே முளைக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் கன்று நடலாம். கிளை அகலமாகப் பரவும் என்பதால் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி, மின்கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் முக்கியம்.

ஒரே தொல்லை, குப்பை. பெரிய இலைகள் வடிகாலை அடைக்கும். பெருக்கித்தான் ஆக வேண்டும். அதையும் வீணாக்க வேண்டாம். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் காய்ந்த பாதாம் இலையைத் தொட்டியில் போடுவதற்காகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மிச்சத்தை மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டால், மண்ணின் ஈரம் சித்திரை வரை தாங்கும்.