அரண்மனை கொடுத்தது, ஓட்டு வாங்கியது

மைசூருக்கு வரும் தமிழர்களின் சுற்றுலா அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம், அரை கிலோ மைசூர்பாகு என்று முடிந்துவிடுகிறது. கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனைப் பக்கம் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. பார்க்காமலிருப்பதே உடம்புக்கு நல்லது என்றாலும், இந்நகரின் நிஜமான சரித்திரம் அங்கேதான் கிடக்கிறது. மன்னர் பெயரில் ஒன்று. அருகிலேயே பெண்களுக்கு செலுவாம்பா மருத்துவமனை. கே.ஆர்.எஸ். சாலையில் இளவரசி கிருஷ்ணாஜம்மணி பெயரில் காசநோய் மருத்துவமனை. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி அவர், காசநோய்க்கே பலியானவர். 1921-ல் அது திறக்கப்பட்டது.

ஓர் அரசு ஏழைகளுக்காக ஏன் செலவு செய்கிறது? மைசூரில் முதல் பதில் துக்கம். இரண்டாவது பயம். 1890-களின் இறுதியில் பிளேக் வந்தது. 1903-லேயே நகர அபிவிருத்தி வாரியம் பிறந்து, நெருக்கடியான சந்துகள் அகன்ற சாலைகளாயின. எலி பணக்காரர் வீட்டுக்கும் போகும் அல்லவா? காசுக்கும் குறைவில்லை. கோலார் தங்கமும் 1902-ல் தொடங்கிய சிவசமுத்திர மின்சாரமும் கஜானாவை நிரப்பின.

மூன்றாவது பதில் குரல். சமஸ்தானத்தில் சுமார் 10 லட்சம் பேரை விழுங்கிய 1876-78 பஞ்சத்துக்குப் பின், 1881-ல் பிரதிநிதித்துவ சபை கூடியது. நிலச்சுவான்தார்களும் வியாபாரிகளும் தசராவை ஒட்டி வந்து குறை சொல்லிப் போனார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. ஆனால் 1917-ல் பிரஜா மித்ர மண்டலி உருவாகி, பிராமணரல்லாதோர் அரசு வேலை கேட்டபோது மன்னர் மில்லர் கமிட்டியை அமைத்தார். இதை ஏற்காத திவான் விஸ்வேஸ்வரய்யா பதவி விலகினார். கேட்க ஆளிருந்தால்தான் கஜானா திறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஐரோப்பாவிலும் கதை வேறல்ல. 1883-ல் ஜெர்மனியின் பிஸ்மார்க் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு தந்தது கருணையால் அல்ல; சோஷலிஸ்டுகளிடமிருந்து அவர்களைப் பிரிக்க. பிற்பாடு ஏழைகளுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை பரவப் பரவ செலவு ஏறியது என்கிறார் பொருளாதார வரலாற்றாசிரியர் பீட்டர் லிண்டர்ட். இன்று வளர்ந்த நாடுகள் தேசிய உற்பத்தியில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கை சமூக நலனுக்கு ஒதுக்குகின்றன. பெரும்பகுதி ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. முதியோர் அதிகம், அவர்கள் தவறாமல் ஓட்டுப் போடுகிறார்கள்.

2023 ஆகஸ்ட் 30 அன்று மைசூர் மகாராஜா கல்லூரி மைதானத்தில் கர்நாடக அரசு 'கிருகலட்சுமி' திட்டத்தைத் தொடங்கியது: குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய். இரண்டு வாரம் கழித்து தமிழ்நாடு 1,000 ரூபாய் உரிமைத் தொகையுடன் வந்தது. இலவசம் என்று முகம் சுளிப்பவர்கள் அரண்மனை கட்டிய ஆஸ்பத்திரியை மட்டும் தர்மம் என்று புகழ்வது வேடிக்கை. அரண்மனையின் காசும் குடியானவனின் வரிதானே? ஒரே வித்தியாசம், ராஜாவின் மனம் மாறினால் கேட்க நாதியில்லை. இப்போது 2023 மே மாதத்துக்கு முன் தேர்தல் வாக்குறுதியாகத் தந்ததை நிறுத்துவதென்றால், அடுத்த தேர்தலில் அந்தப் பெண்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.