அப்பாவுக்குக் கேட்ட பாட்டு

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. செமஸ்டர் லீவு விட்டாச்சு, எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஜூஜுவாடி. ஓசூரிலிருந்து பெங்களூரு போகிறவர்களுக்கு அது வெறும் செக்போஸ்ட் பெயர். ஊர் முடிகிற இடத்தில் தமிழ்நாடும் முடிந்துவிடும், அடுத்து அத்திப்பள்ளி. ஒரு பக்கம் சிப்காட் கம்பெனிகள், இன்னொரு பக்கம் லாரி வரிசை. டீக்கடையில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே பேச்சில் வந்து விழும். இங்கே சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. சங்கீதத்துக்குத்தான் பஞ்சம்.

அப்பா நாசரேத் பக்கம். வேலை தேடி ஓசூர் வந்து, ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் 26 வருஷம் இருந்தார். தகடு அடிக்கிற மிஷின் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்றால் காது என்ன ஆகும்? காதில் வைக்க ஏதோ கொடுப்பார்களாம். வைத்தால் பக்கத்து ஆள் கத்துவது கேட்காது, கை போய்விடும் என்று யாரும் வைக்க மாட்டார்களாம்.

அதே அப்பாதான் ஊரில் கொயரில் பேஸ் பாடியவர். கால் ஆர்மோனியமும் வாசிப்பார். பாமாலைப் பாட்டுகளின் ராகமெல்லாம் அத்துப்படி.

மூன்று வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பாட்டு முடிந்துவிட்டது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சரணத்தை எடுத்துவிட்டார். பின்னால் பையன்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதை இன்றைக்கு வரை அவரிடம் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு வந்தால் "தலை வலிக்கி, நீங்க போயிட்டு வாங்க" என்பார். நானும் சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறேன்.

போன வருஷம் கிளாஸ் நண்பன் ஒருவன், பெங்களூரு செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்சில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆர்கன் வாசிப்பும் எல்லோரும் சேர்ந்து பாடுகிற ஹிம்ஸும் இருக்கிறது என்றான். சும்மா கேட்டுப் பார்த்தேன். "பைப் ஆர்கனா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, அப்பா சட்டையை அயர்ன் பண்ண ஆரம்பித்துவிட்டார்!

பொம்மசந்திரா வரை பஸ். அங்கிருந்து 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் லைன் மெட்ரோ, அப்புறம் பச்சை, அப்புறம் ஊதா. மூன்று கலர் மாறி கப்பன் ரோடு போய்ச் சேர்ந்தோம்.

அந்த சர்ச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கன்டோன்மென்ட்டில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டியது. அடிக்கல் 1864, திறப்பு 1866. ஆர்கன் வந்தது 1881-ல், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பீட்டர் கோனாகர் கம்பெனி செய்தது. வேடிக்கை என்னவென்றால், ஸ்காட்லாந்து சபையில் ரொம்ப காலம் ஆர்கனே ஆகாது. வெறும் குரலில்தான் பாடவேண்டும். 1860-களில்தான் அந்தப் பிடிவாதம் தளர ஆரம்பித்தது. பெங்களூரில் மின்சார விளக்கு எரிந்தது 1905-ல். அதற்கு 24 வருஷம் முன்பே ஆர்கன் வந்துவிட்டது. மின்சாரம் வருவதற்கு முன் இப்படிப்பட்ட ஆர்கன்களுக்கு ஒரு ஆள் மறைவில் நின்று துருத்தி அடிக்கவேண்டும். வாசிப்பவருக்குக் கைதட்டு, துருத்திக்காரருக்குக் கைவலி.

விஷயம் எளிதுதான். துருத்திக் காற்று ஒரு பெட்டியில் நிற்கும். கட்டையை அழுத்தினால் அந்தக் குழாய்க்கு வழி திறக்கும், புல்லாங்குழல் மாதிரி ஊதும். ஒரு கட்டைக்கு ஒரு குழாய் இல்லை, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் தனி வரிசை. குழாய் நீளம் கூடக்கூட ஸ்வரம் கீழே இறங்கும். 8 அடித் திறந்த குழாய் விநாடிக்குச் சுமார் 65 தடவை அதிரும், 16 அடி என்றால் அதில் பாதி. அந்த அடி ஸ்வரங்களைக் காலால் மிதித்துத்தான் வாசிப்பார்கள்.

நாங்கள் நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில் தனி வாசிப்பு, மெல்லிய குழாய்கள். எனக்கு நன்றாக இருந்தது. அப்பா முகத்தில் ஒன்றும் இல்லை. ஐயோ, இத்தனை தூரம் கூட்டிவந்து இன்னொரு தடவை அவமானப்படுத்திவிட்டோமே என்று வயிற்றைக் கலக்கியது.

பிறகு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். 'அபைட் வித் மீ'. ஹென்றி ஃபிரான்சிஸ் லைட் 1847-ல் எழுதியது, வில்லியம் ஹென்றி மங்க் 1861-ல் மெட்டுப் போட்டது. காந்திக்குப் பிடித்த பாட்டு என்று டெல்லியில் பீட்டிங் ரிட்ரீட்டில் வருஷா வருஷம் வாசித்துவந்து, 2022-ல் எடுத்துவிட்டார்களே, அதேதான்.

பெடல் விழுந்தது. பெஞ்ச் அதிர்ந்தது. முன்வரிசைக் கட்டையைப் பிடித்திருந்த அப்பாவின் கை ஒரு தடவை இறுகியது. என் பக்கம் திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே, "ஏல, கேக்கு!" என்றார்.

அப்புறம் பாட ஆரம்பித்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் இங்கிலீஷில். அப்பா தமிழில், பாமாலையில் இருக்கிற வார்த்தைகளை, பேஸில். அந்தப் பாட்டில் வரிக்குப் பத்து அசை. அந்தப் பத்துக்குள் தமிழை அடக்க, யாரோ ஒருவர் என்றைக்கோ எத்தனை ராத்திரி விழித்தாரோ! ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, கடைசிச் சரணத்தில் அவர்களும் தமிழுக்கு மாறிவிட்டார்கள். கன்டோன்மென்ட் ஆயிற்றே, தமிழ் இல்லாமல் இருக்குமா? கடைசி ஸ்வரம் நின்றபோது அப்பாவும் சரியாக நின்றார். பெஞ்ச் அவருக்குச் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்துதான் தேடிப் படித்தேன். இரைச்சலில் கெட்டுப்போகிற காதில் முதலில் போவது உயர்ந்த ஸ்வரங்கள், 4000 ஹெர்ட்ஸ் பக்கம். கீழ் ஸ்வரங்கள் ரொம்ப காலம் தங்கும். அதனால் குரல் கேட்கும், வார்த்தை புரியாது. 'ச', 'ஸ' மாதிரி எழுத்துகள் எல்லாம் மேலே இருக்கின்றன. எங்கள் சர்ச் கீபோர்டும் ஸ்பீக்கரும் அவருக்கு இன்னொரு பிரஸ் ஷாப் மாதிரி இருந்திருக்கும். தலைவலி என்றது பொய்யே இல்லை. சோம்பேறி என்று நான் திட்டியதுதான் பொய்.

திரும்பி வரும்போது மெட்ரோவில், "அப்பா, காது டாக்டரைப் பார்ப்போமா?" என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தாரா என்று தெரியவில்லை.

ஆனால் அடுத்த ஞாயிறு சர்ச்சுக்கு வந்தார். ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, கடைசி பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பாட்டு முடிகிற இடத்தில் நான் லேசாக அவர் முழங்கையைத் தொட்டேன். நிறுத்திக்கொண்டார். இப்போது எல்லா ஞாயிறும் அப்படித்தான்.

டாக்டரிடம் இன்னும் போகவில்லை. லீவு முடிவதற்குள் கூட்டிப்போய்விட வேண்டும்.