புள்ளியைத் துடைக்கும் மென்பொருள்

வலியசாலையில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் கல்வெட்டு ஆய்வு மாணவர் ஒருவர் சில மாதங்களாக ஒரு முடிவுக்கு வர இயலாமல் இருந்தார். அவரது மடிக்கணினியில் இருப்பது போட்டோஷாப் சிஎஸ்6. 2012இல் வெளிவந்த அப்பதிப்புக்குப் பின் அடோபி போட்டோஷாப்பைச் சந்தாவுக்கு மட்டுமே தருகிறது. இரவலாகக் கிடைத்த புதிய கேமராவின் மூலக்கோப்பைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கிறது. உதவித்தொகையோ பல மாதங்களுக்கொருமுறை சேர்ந்து வருவது. சந்தாவோ மாதந்தோறும் கேட்பது.

ஆயினும் பணம் இரண்டாவது கவலைதான். வலியசாலையே பழைய காந்தளூர்ச்சாலை என்போர் பலர், ஏற்காதோரும் உளர். 9ஆம் நூற்றாண்டுப் பார்த்திவசேகரபுரச் செப்பேடு, காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்குச் சாலை அமைத்ததைக் கூறுகிறது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் அச்சாலையோடு சேர்ந்து வரும் ‘கலம்’ மரக்கலமா, உண்கலமா என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை. அங்கே எழுத்திலாவது ஐயமில்லை.

மாணவர் குமரி மாவட்டத்தில் எடுத்த வட்டெழுத்துப் படங்களில் எழுத்தே ஐயம். பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் யகரமும் எளிதில் மயங்கும். புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. சில கல்வெட்டுகளில் ஆங்காங்கே இடப்படுகிறது. ஒரு படத்தின் மூன்றாம் வரியில் தெரியும் சிறு குழி புள்ளியாயின் அவ்வெழுத்து மெய். கல்லின் பொரிவாயின் உயிர்மெய். மென்பொருளுக்கு இக்கவலை கிடையாது. இரைச்சல் நீக்கம் அக்குழியைத் துடைத்துவிடும். கூர்மையாக்கம் இல்லாத விளிம்பையும் காட்டும். 2023இல் போட்டோஷாப்பில் புகுந்த செயற்கை நுண்ணறிவு நிரப்பலோ தேய்ந்த இடத்தில் அழகானதொரு ஊகத்தை வரைந்தே தந்துவிடும். ஏடு பெயர்த்தெழுதியவர் தம் ஊகத்தை மூலத்தோடு கலந்ததைக் குறைகூறும் நாம், இதை மேம்பாடு என்று விலை கொடுத்து வாங்குகிறோம்!

ஆகவே அவர் வசதிகளை எண்ணுவதை விட்டு, திருத்தம் மூலத்தைத் தொடாமல் தனிப் பதிவாக நிற்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். லைட்ரூம் அவ்வாறு நிற்கச் செய்யும். ஆனால் சந்தா நின்றால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். கிம்ப் 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் மூலத்தை அழிக்காத வடிகட்டிகளைப் பெற்றது. விலையில்லாத டார்க்டேபிள், எந்தத் திருத்தம் எந்த வரிசையில் நிகழ்ந்தது என்பதைப் படத்தின் அருகிலேயே ஓர் உரைக்கோப்பில் எழுதி வைக்கிறது. பதிப்பாசிரியரின் பாடவேறுபாட்டுக் குறிப்புக்கு இதைவிட நெருங்கிய உறவு கணினியில் வேறில்லை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: புதிய பதிப்புக்கு மாறினால் தரவுத்தளமும் மாறும், பழைய பதிப்பு பிறகு அதைத் திறக்காது.

ஆய்வேடு முடியும்வரை டார்க்டேபிளின் ஒரே பதிப்பு என்று அவர் உறுதி செய்துகொண்டார். சந்தாவுக்கு ஒதுக்கிய பணத்தில், மூலக்கோப்புகளின் மறுபடிக்காக இன்னொரு வன்தட்டு வாங்கினார். மூன்றாம் வரியின் குழியை எந்த மென்பொருளாலும் தீர்க்க முடியவில்லை. பக்கவாட்டில் வெயில் சாயும் மாலையொன்றில் அக்கல்லை மீண்டும் பார்க்க அவர் புறப்படவிருக்கிறார்.