செதுக்கிய கல்லும் சாய்ந்த வெட்டும்

கெடா மாநிலத்து மெர்போக்கில், ஜெராய் மலையின் அடிவாரத்தே புக்கிட் பத்து பாஹாட் என்னும் சிறு குன்று ஒன்றுண்டு. பத்து பாஹாட் என்பதற்கு மலாய்மொழியில் உளியால் செதுக்கிய கல் என்பது பொருளாகும். அங்கிருந்த பழங்கோயிலைக் குவாரிட்ச் வேல்ஸ் 1930-களில் அகழ்ந்தறிந்தார். பின்னர் அலஸ்டேர் லாம்ப் 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் ஆய்ந்து, சிதறிக்கிடந்த கற்களை அடுக்கி எழுப்பினார். விமானமும் அதன்முன் மண்டபமுமாய் அமைந்த அக்கோயிலில் இன்று எஞ்சியிருப்பது கற்பகுதியே. கூரை இல்லை. மண்டபத் தளத்தில் தூண் நட்ட கல்லடிகள் இருக்கின்றன. அவற்றின்மேல் மரத்தூண்கள் நின்று கூரையைத் தாங்கியிருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

இக்கோயிலைக் கட்டடக்கலை மென்பொருளில் உருவாக்கப் புகும் மாணவனுக்குச் செங்குத்துச் சுவர் ஒரு பொருட்டன்று. தரைப்படத்தில் ஒரு கோடு வரைந்து, தடிப்பையும் உயரத்தையும் எண்ணாகக் கொடுத்தால் சுவர் எழுந்துவிடும். சுவரின் தலை கூரைச் சரிவுக்கேற்பச் சாய்ந்து முடியவேண்டும் என்னும்போதே தொல்லை தொடங்குகிறது. ரெவிட் போன்ற மென்பொருளில் சுவரின் உச்சியைக் கூரையோடு பிணைக்கலாம். கூரையை மீறிய பகுதி தானே வெட்டுண்டுபோகும். பின்னர்க் கூரை மாறினால் வெட்டும் உடன் மாறும். அன்றி, ஆப்பு வடிவான வெற்றுருவம் ஒன்றைச் சுவருக்குள் செலுத்தி, அது கவ்விய பகுதியைக் கழித்தும் விடலாம். (முப்பட்டைக் குமுதம் போன்ற அதிட்டான உறுப்பு இருப்பின் அதற்கு இவ்விரண்டும் வேண்டா, அதன் வெட்டுமுகத்தை ஒருமுறை வரைந்து சுவர் நெடுக இழுத்தாலே போதும்.)

கைவேலை இவ்வளவே. ஆயின் எந்தக் கோணத்தில் வெட்டுவது? கூரை கருவறைச் சுவரின்மேல் இருபுறமும் சரிந்தது என்றும், சுவரின் ஓரத்திலிருந்து நடுவரை 3 மீட்டர் என்றும் ஒரு பேச்சுக்குக் கொள்வோம். சரிவு 30 பாகையாயின் முகடு 1.73 மீட்டர் உயரும்; 45 பாகையாயின் 3 மீட்டர் உயரும். இடைப்பட்ட வேறுபாடு ஓர் ஆளின் மார்பளவு! கோயிலின் தோற்றமே மாறிவிடும். கூரை ஓலையாயின் சரிவு மிகுந்தே இருந்திருக்கும். மழைநீர் தங்கினால் ஓலை மக்கும் என்பதை அத்தாப்பு வீடுகளில் வாழ்ந்த தோட்டத்து மக்கள் நன்கறிவர். எனினும் இது உய்த்துணர்வேயன்றிச் சான்றன்று. கணினியோ எக்கோணத்தைச் சொன்னாலும் மறுப்பின்றி வெட்டித் தரும்; வெட்டிய விளிம்பும் ஐயத்திற்கிடமின்றி மின்னும்.

அவ்விளிம்பை நம்பிவிடுவதில் தீங்குண்டு. பூஜாங் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சுங்கை பத்துவில் இருந்த 11ஆம் எண் சண்டி, 2013இல் நிலம் திருத்தும் பணியில் இடித்தழிக்கப்பட்டது. இனி அதனை உருவாக்க விரும்புவோர்க்கு முன்னர் எடுத்துவைத்த படமும் குறிப்புமே துணை. அவற்றில் கண்டதும் கருதியதும் கலந்திருந்தால், ஒப்பிட்டுப் பிரித்தறியக் கல்லும் அங்கில்லை.

ஆதலின் மெர்போக் கோயிலை வரைபவன் கிடைத்த கற்களை ஓர் அடுக்கிலும், கூரையையும் அதனால் நேரும் சாய்வெட்டையும் ஊகம் என்று பெயரிட்ட வேறோர் அடுக்கிலும் வைத்தல் நன்று. இரண்டாம் அடுக்கை மறைத்தவுடன், குன்றின்மேல் காண்பது போலவே கல்தளமும் தூணடிகளும் வெறும் வானின்கீழ்த் திரையில் எஞ்சும்.