கத்தரிக்காயும் ஓடும்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஹைதராபாத்தில் நாம் அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் எல்லோரும் அறிந்தவையே. சார்மினார், சாலார் ஜங் பொருட்காட்சிசாலை, கோல்கொண்டாக் கோட்டை. குழந்தைகள் உடன் இருந்தால் நேரு மிருகக்காட்சிசாலை. அத்துடன் வீடு திரும்பிவிடுகிறோம். அந்த மிருகக்காட்சிசாலைக்கு அருகிலேயே, பகதூர்புராவில், சுதா கார் காட்சிசாலை இருக்கிறது. 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதனை இத்தனை நாளும் பாராமலே கடந்து சென்றோமே என்ற வெட்கத்துடன்தான் இதை எழுதுகிறோம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பெரிய கத்தரிக்காய் ஒன்று சக்கரங்களின்மேல் நிற்கிறது! கிரிக்கெட் மட்டை, கால்பந்து, புகைப்படக் கருவி, குதி உயர்ந்த பெண்கள் செருப்பு, புத்தகம் என்று எத்தனையோ உருவங்கள். குழந்தைகளுக்காகச் செய்துவைத்த பொம்மைகள் போலும் என்று எண்ணுகிறோம். அவை யாவும் எஞ்சின் பூட்டிய, ஓடக்கூடிய வண்டிகள் என்று அறிந்ததும் சிரிப்பு அடங்கி வியப்பு மேலிடுகிறது.

இவற்றைச் செய்தவர் திரு. கே. சுதாகர். பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே பழைய பாகங்களைக் கூட்டி வண்டி செய்யத் தொடங்கியவர். 2005-இல் அவர் உருவாக்கிய மூன்று சக்கர சைக்கிள், உலகிலேயே பெரியது என்று கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றது. அதன் உயரம் 41 அடிக்கும் அதிகம். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, அக்கிருமியின் உருவத்திலேயே ஒருவர் மட்டும் அமரக்கூடிய வண்டி ஒன்றை 100 சிசி எஞ்சினுடன் செய்து, வீட்டிலேயே இருக்கும்படி மக்களுக்கு நினைவூட்டினார்.

வேடிக்கையோடு நின்றுவிடாமல் சற்றே சிந்தித்துப் பார்ப்போம். எஞ்சினும் சக்கரமும் காயலான் கடையில் கிடைத்துவிடும். கத்தரிக்காய் உடல் எந்தக் கடையில் கிடைக்கும்? இத்தகைய உடலைக் கையால்தான் ஆக்கவேண்டும். கம்பிகளை வளைத்து எலும்புக்கூடு கட்டி, தகட்டைத் தட்டித் தட்டி வளைவுக்குக் கொண்டுவந்து பற்றவைக்க வேண்டும். உருவம் கெடாமல் ஓட்டுபவர் உட்கார இடமும், எதிரே பார்க்க வழியும், எஞ்சினின் சூடு வெளியேறத் துவாரமும் வேண்டும். சக்கரம் திரும்பும்போது உடலில் இடிக்கக் கூடாது. பாரம் ஒருபுறம் மிகுந்தால் திருப்பத்தில் வண்டி கவிழ்ந்துவிடும். இவ்வளவுக்கும் கணக்கு வேண்டும். கணக்கறிந்த கையும் வேண்டும்.

நம்முடன் நண்பர் ஒருவரும் அவருடைய 13 வயதுப் புதல்வனும் வந்திருந்தனர். பையன் மற்றவர்களைப் போல் வண்டியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளவில்லை. தரையில் மண்டியிட்டு, வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். முந்திய வாரம் வீட்டு மேஜை விசிறியைக் கழற்றிப் போட்டதற்காக வசவு வாங்கியவன் அவன். “படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்” என்று நண்பர் சொன்னாராம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லாத தகப்பனார் உண்டோ? நாமும் சொல்லியிருக்கிறோம்.

பையன் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டே, “அப்பா, இதையும் பட்டறையில்தானே செய்திருப்பார்கள்?” என்று கேட்டான்.

நண்பர் பதில் சொல்லவில்லை. நமக்கும் சொல்லத் தெரியவில்லை. படிப்பு வேண்டாம் என்று எவரும் கூறமாட்டோம். ஆனால் கைத்தொழிலைத் தண்டனையாகக் காட்டிக் குழந்தைகளை அச்சுறுத்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வி, மூசி நதியைத் தாண்டி வீடு வந்து சேரும்வரை நம்மை விடவில்லை.

அன்றிரவு தகப்பனாரும் பிள்ளையுமாக உட்கார்ந்து அந்த விசிறியைத் திரும்பப் பூட்டினார்கள் என்று கேள்வி. அது சுற்றுகிறதா என்று நாம் இன்னும் விசாரிக்கவில்லை.