அரிக்கமேடு: ஆற்றங்கரைத் தோப்பும் கைவிடப்பட்ட கட்டடமும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் தென்கரையில் அமைந்த தோப்பு நிலம் அரிக்கமேடு. கடலூர் சாலையில் முருங்கப்பாக்கத்தைக் கடந்து, ஆற்றுப்பாலம் தாண்டி, அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பும் வீராம்பட்டினம் சாலையில் காக்காயந்தோப்பு என்ற ஊர் வருகிறது. அதையொட்டி ஆற்றோரமாக உயர்ந்து கிடக்கும் மண்மேடே இந்த இடம். செஞ்சி மலைப்பகுதியில் பிறந்து வரும் சங்கராபரணியின் ஒரு கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. கடல் அருகில் இருப்பதால் ஆற்றில் உப்பு நீர் ஏறி இறங்குகிறது. மேட்டின் மேல் தென்னையும் மாவும் பனையும் நிற்கின்றன.

தரைக்கு மேல் இங்கே காணக்கிடைப்பது ஒரு பாழடைந்த கட்டடம் மட்டும்தான். மரங்களுக்கு நடுவே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர்களின் மிச்சம் நிற்கிறது. கூரை இல்லை, மேற்பூச்சு பெரும்பாலும் உதிர்ந்து, செங்கல் வரிசைகள் வெளியே தெரிகின்றன. ரோமானிய வணிகத்தோடு தொடர்பு கொண்ட பண்டைய ஊர் ஒன்று இங்கே இருந்ததால், புதிதாக வருபவர்கள் இதையே ரோமானியர் கட்டடம் என்று எண்ணிவிடுவதுண்டு. உண்மையில் இது 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் குருமடம். அந்தப் பண்டைய ஊர் இன்றும் மண்ணுக்குள்தான் இருக்கிறது.

குருமடத்தின் கதை இன்றைய தாய்லாந்தான சயாமில் தொடங்குகிறது. பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபை, ஆசிய நாடுகளின் இளைஞர்களைக் குருக்களாகப் பயிற்றுவிக்க, 1665இல் அயுத்தியா நகரில் ஒரு கல்லூரி நிறுவியது. பர்மியப் படையெடுப்பில் 1767இல் அயுத்தியா அழிந்தது. அதற்கு முன்பே வெளியேறிய கல்லூரி, கம்போடிய, வியட்நாமியக் கரையோரத்தில் சில ஆண்டுகள் தங்கியது. அங்கும் தாக்குதலுக்கு உள்ளானதால் 1770இல் அரிக்கமேட்டை ஒட்டிய வீராம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தது. புதுச்சேரியும் அப்போது இடிபாடுகளிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியிருந்தனர்; 1765இல்தான் அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

கல்லூரியை நடத்தியவர்களில் முதன்மையானவர் பிஞோ தெ பெகேன். பின்னாளில் ஆயராகி, வியட்நாம் அரசியலில் பெரும்பங்கு வகித்தவர் இவர். புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில், வியட்நாமிய உதவியாளர்களுடன் சேர்ந்து வியட்நாமிய–லத்தீன் அகராதி ஒன்றை 1773இல் எழுதி முடித்தார். அந்தக் கையெழுத்துப் படியை அடிப்படையாகக் கொண்டு தபேர் என்ற ஆயர் விரிவாக்கிய அகராதி, 1838இல் வங்காளத்தின் செராம்பூரில் அச்சேறியது. வியட்நாமிய மொழியின் அகராதி வரலாற்றில் புதுச்சேரிக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தது.

1778இல் ஆங்கிலேயர் மீண்டும் புதுச்சேரியைக் கைப்பற்றினர். அடுத்த சில ஆண்டுகளில் வீராம்பட்டினக் கல்லூரி மூடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே சபை பினாங்கில் கல்லூரியை மறுபடி தொடங்கியது. இங்கே விடப்பட்ட கட்டடம் தோப்புக்குள் சிதைந்தது.

குருமடத்துக்கு முன்பே இந்த மேட்டின் பழமை பற்றிய பேச்சு இருந்தது. வீராம்பட்டினத்தில் கிராமத்தார் பழைய செங்கற்களைத் தோண்டியெடுக்கும் செய்தி 1734ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் கடிதமொன்றில் வருகிறது. சூரியனைச் சுக்கிரன் கடக்கும் நிகழ்வை 1769இல் காணப் புதுச்சேரி வந்த வானியலாளர் லெ ஜான்தியும் ஆற்றங்கரையில் பெரிய செங்கற்களைக் கண்டார். அவை வீரராகவன் என்ற அரசனின் கோட்டையிலிருந்து கிடைத்தவை என்று ஊரார் அவரிடம் கூறினர். ஆறு கரையை அறுத்த இடங்களில் பழைய சுவர்கள் தாமாகவே வெளிப்பட்டன. வீடு கட்டுவோருக்கு அவை கைக்கெட்டிய செங்கல்லாயின.

இந்தப் பழைய சுவர்களின் பொருள் 1937இல் துலங்கத் தொடங்கியது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், இங்கு சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளை விலைக்கு வாங்கினார். அவற்றோடு கிடைத்த, மனிதத் தலை செதுக்கிய ஒரு கல்லை அகஸ்டஸ் சீசரின் உருவம் என்று கருதினார். அடுத்து, இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் 1945இல் இங்கு அகழாய்வு நடத்தினார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

வீலருக்குப் பெரிதும் உதவியவை இத்தாலியிலிருந்து வந்த சிவந்த, பளபளப்பான அரிட்டைன் மட்கலத் துண்டுகள். சில துண்டுகளின் அடியில் விபியே, கமூரி, இட்டா என்ற குயவர் முத்திரைகள் பதிந்திருந்தன. இத்தாலியில் இவ்வகைக் கலங்கள் செய்யப்பட்ட காலம் தெரிந்திருந்ததால், அரிக்கமேட்டு மண்ணடுக்குக்கு கி.பி. முதல் நூற்றாண்டு என்று காலம் குறிக்க முடிந்தது. அதே அடுக்கில் இருந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கிடைத்தது. தென்னிந்தியாவின் பிற ஊர்களில் அதே பானைகள் கிடைத்தபோது அந்த ஊர்களுக்கும் காலம் சொல்ல இது அளவுகோலாயிற்று. மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், உறைகிணறுகள், சுமார் 150 அடி நீளச் செங்கல் கட்டடம் ஆகியவையும் வெளிப்பட்டன. அந்த நீளக் கட்டடம் பண்டகசாலை என்றும், சுவர் சூழ்ந்த தொட்டிகள் துணிக்குச் சாயமேற்ற உதவியவை என்றும் வீலர் கருதினார்.

1947 முதல் 1950 வரை தோண்டிய ழான் மரி கசால், ரோமானியத் தொடர்புக்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்ததைக் காட்டினார். விமலா பெக்லி 1989–92இல் நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது. கி.மு. மூன்றாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டிலேயே இங்கு குடியிருப்பு இருந்தது. ரோமானிய வணிகம் தளர்ந்த பின்னும் அது தொடர்ந்தது. சோழர் காலக் காசுகளும் சீன மட்கலத் துண்டுகளும் பிற்கால நடமாட்டத்துக்குச் சான்று. ஆகவே இது ரோமானியர் அமைத்த ஊர் அன்று. தமிழ்நாட்டு மக்கள் வாழ்ந்த துறைமுக ஊரில் பிற நாட்டு வணிகர் வந்து கலந்தனர் என்பதே சரியான பார்வை. ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்க நூல் குறிப்பிடும் பொதுகே துறைமுகம் இதுவே என்பது அறிஞர்களின் பரவலான கருத்து.

ஊரின் கைத்தொழில் மணி செய்தல். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்குவார்கள். கடுகளவு மணிகளிலும் நூல் கோக்கத் துளை இருக்கும். இவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை பரவின. பாலித் தீவின் செம்பிரானில் கிடைத்த மட்கல ஓடுகளும் இவ்வூருடன் தொடர்புள்ள வகையைச் சேர்ந்தவை.

சுற்றுப்புறத்தில் மேற்கே அரியாங்குப்பம். 1748 முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர் கைவிட்ட கோட்டை அங்கிருந்தது. கிழக்கே மீனவர் ஊரான வீராம்பட்டினம். அங்குள்ள செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேர்த்திருவிழா புதுச்சேரி முழுவதும் பெயர் பெற்றது. ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் தேங்காய்த்திட்டை ஒட்டிச் சதுப்புநிலக் காடுகள் வளர்கின்றன.

அகழாய்வுக் குழிகள் மூடப்பட்டுவிட்டன. மேடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இங்கு கிடைத்த மணிகளையும் ஓடுகளையும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். குருமடச் சுவர்களுக்கு மழையும் மரவேரும் பகை. மண்ணடியில் உள்ள ஊருக்கு ஆற்றரிப்பும், மணி தேடித் தோண்டுவதும் பகை. எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத மணி வெறும் அழகுப்பொருள். அடுக்கோடு கிடைக்கும் ஓடு ஒரு நூற்றாண்டையே அடையாளம் காட்டும். தோண்டப்படாத பகுதி இன்னும் நிறைய இருப்பதால், இந்தத் தோப்பு மண்ணைக் கலைக்காமல் காப்பதே அரிக்கமேட்டுக்குச் செய்யவேண்டிய முதல் கடமை.